மொட்டு எங்கே?

அப்பாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. ஆனால் குமுளியிலும் கட்டப்பனையிலும் வண்டிப்பெரியாறிலும் பல வருஷம் மலையாளத்தில் சுவர் எழுதினார். யாராவது ஒரு துண்டுச் சீட்டில் வாசகத்தை எழுதிக் கொடுப்பார்கள். அப்பா அந்தச் சீட்டின்மேல் பென்சிலால் கட்டம் போடுவார். சுண்ணாம்பு அடித்த சுவரில் நூல் பிடித்துப் பெரிய கட்டம் போடுவார். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வளைவுகளைச் சுவரில் ஏற்றுவார். எழுத்து உருண்டு திரண்டு நிற்கும். போகிற வருகிற மலையாளிகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வேலை முடிந்து ஏணியை விட்டு இறங்கியதும் பக்கத்து டீக்கடைக்காரரிடம்தான் கேட்பார்: "என்னண்ணே எழுதியிருக்கேன்?"

அந்தச் சுவர்களில் அவருக்கு எழுத்து என்பது படம். படம்தான் அவர் வாசித்த எழுத்து. மதுரையில் கல்லூரியில் சேர்ந்து குறியியல் என்ற பாடத்தைக் கேட்ட முதல் வாரமே எனக்கு அப்பாவின் ஏணி நினைவுக்கு வந்தது. ஒரு படம் எப்படிப் பொருள் தருகிறது என்று வகுப்பில் சொன்னதையெல்லாம் நான் கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே ஏற்கெனவே பார்த்திருந்தேன். பெயர்தான் தெரியாது.

அப்பாவுக்கு ஊர் கம்பம். அம்மா வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர், பதினாறு வயதிலிருந்து கொழுந்து கிள்ளியவர். கல்யாணத்துக்குப் பின் குமுளியில் வீடு. எங்கள் பேச்சில் தமிழ்நாடு 'கீழே', கேரளம் 'மேலே'. லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போது காது அடைக்கும். அடைப்பு விடுவதற்குள் பெயர்ப் பலகைகள் வேறு மொழிக்கு மாறிவிடும்.

அப்பா வாழ்க்கையில் அதிக தடவை வரைந்த படம் இரட்டை இலை. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், சின்னம் என்ற ஒன்று நம் தேர்தலுக்குள் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் நூறு பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் காலத்தில் கண்ட வழி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் ஒரு படம். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. வாக்காளர் பெயரை வாசிக்க வேண்டாம், படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும். எழுத்தறியாதவர்களுக்காகச் செய்த தற்காலிக ஏற்பாடு என்று அதை நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். எழுத்தறிவு ஏறிய பிறகும் சின்னம் போகவில்லை. பெயரைவிடப் படம் மனசுக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

எம்.ஜி.ஆர். 1972இல் கட்சி தொடங்கினார். அடுத்த வருஷம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார். அதற்கு முன் அந்த இலைக்கும் அந்தக் கட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பட்டியலில் இருந்த எத்தனையோ சின்னங்களில் அதுவும் ஒன்று. ஜெயித்த பிறகுதான் இலைக்கு உயிர் வந்தது. அதற்குப் பின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துக் காட்டினாலே போதும், எங்கள் பக்கத்துக் குழந்தைகூட இலை என்று சொல்லும். கை இலையானது, இலை ஒரு மனிதரானது.

சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் குறிகளை மூன்றாகப் பிரித்தார். பொருளைப் போலவே இருப்பது ஒன்று. ஆளின் ஓவியம் மாதிரி. பொருள் விட்டுப்போன தடம் இன்னொன்று. நெருப்புக்குப் புகை, ஈர மண்ணில் கால்தடம். மூன்றாவது, ஊர் கூடி ஒப்புக்கொண்டதால் மட்டும் பொருள் தருவது. வகுப்பில் இதைச் சொன்னபோது நான் நினைத்துக்கொண்டது 1984. அப்பாவுக்கு அப்போது 23 வயது, ஆண்டிபட்டியில் சுவர் வேலை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். தொகுதிக்கு ஒரு நாள்கூட வரவில்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா தினமும் நாலைந்து சுவரில் இலை வரைந்தார், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட முகம் வரைந்தார். எவ்வளவு தத்ரூபமாக வரைந்தாலும் அந்தச் சந்தேகத்தை அவரால் தீர்க்க முடியவில்லை. தீர்த்தது வீடியோ. ஆஸ்பத்திரியில் இருக்கும் எம்.ஜி.ஆரை எடுத்து, கேசட்டில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். கலங்கலான படம்தான். ஆனால் அவர் மேல் பட்ட வெளிச்சம் வந்து பதிந்த படம். அது தடம்.

"நான் வரைஞ்சது அவரு மாதிரி. அந்தப் பொட்டியில வந்தது அவரு" என்று அப்பா இன்றும் சொல்வார். ஒப்புமைக்கும் தடத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் வென்றார்.

1989 தேர்தலில் இலை முடக்கப்பட்டது. கட்சி இரண்டாகி, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஜெயலலிதா நின்றது எங்கள் பக்கத்துப் போடிநாயக்கனூரில். அப்பா சேவலும் வரைந்தார், புறாவும் வரைந்தார். கூலி தந்தவர்களுக்கெல்லாம் வரைந்தார். சேவலின் கொண்டைக்கு அவர் வைத்த சிவப்பைப் பற்றிப் போடியில் இன்றும் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கிழவிகள் வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இலைய எங்கப்பா காணோம்?" சேவல் எவ்வளவு அழகாக இருந்து என்ன, ஊர் இன்னும் அதை ஒப்புக்கொண்டிருக்கவில்லை. போடியில் சேவல் ஜெயித்தது, மாநிலத்தில் ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. அணிகள் சேர்ந்து இலை திரும்பி வந்ததும் அப்பா பழைய சுவர்களில் சேவல்மேல் வெள்ளையடித்தார்.

இந்த மாதிரி ஒப்புதல் நமக்குப் புதிதும் அல்ல. பழந்தமிழ்ப் போர் மரபில் ஆநிரை கவர வெட்சிப் பூ, மீட்கக் கரந்தை, மண்ணைக் கொள்ளப் போனால் வஞ்சி, நேருக்கு நேர் நின்று பொருதால் தும்பை, வென்றால் வாகை. தலையில் என்ன பூ என்று பார்த்தே போரின் நிலையைச் சொல்லிவிடலாம். வாகைப் பூவை இன்று யாரும் சூடுவதில்லை, பலருக்கு அந்த மரத்தைக் காட்டினாலும் தெரியாது. ஆனால் தேர்தல் முடிவு வந்த மறுநாள் நாளிதழ் 'வாகை சூடினார்' என்றுதான் எழுதுகிறது. பூ உதிர்ந்துவிட்டது, பொருள் மட்டும் கிளையில் நிற்கிறது. எனக்கு இது பெரிய ஆச்சரியம். எத்தனை தடவை யோசித்தாலும் குறைவதில்லை.

2011இல் கீழேயும் மேலேயும் ஒரே நாள் வாக்குப்பதிவு, ஏப்ரல் 13. கீழே சுவரெழுத்துக்குக் கெடுபிடி அதிகமாகிவிட்டது. வேலை இல்லை. கட்டப்பனையிலிருந்து ஒருவர் ஆள் அனுப்பினார். அப்பா டப்பாக்களையும் தூரிகைகளையும் தூக்கிக்கொண்டு போனார். சீட்டைக் கொடுத்தார்கள், சின்னத்தையும் கொடுத்தார்கள். இரட்டை இலை.

மாநிலக் கட்சியின் சின்னம் அது அங்கீகாரம் பெற்ற மாநிலத்துக்குள்தான் ஒதுக்கப்படும். அதனால் ஒரே படம் இரண்டு மாநிலத்தில் இரண்டு கட்சிக்கு இருக்கலாம். தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வின் இலை, கேரளத்தில் கேரளா காங்கிரஸ் எம் கட்சியின் இலை. அங்கே அதன் பெயர் ரண்டில. அப்பாவுக்கு இது கேள்விப்பட்ட செய்திதான். ஆனால் வரைவது வேறு. நரம்பு எத்தனை, காம்பு எங்கே வளைகிறது என்று கை தானாகப் போகும் படம் அது. முதல் சுவரை முடித்துவிட்டு ரொம்ப நேரம் எதிரே உட்கார்ந்திருந்தாராம். "நம்ம எலைதான் தாயி. ஆனா வேற வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்றார் என்னிடம். பச்சை அதே பச்சை. ஓரத்தில் எப்போதும் போடும் கறுப்பு வெள்ளை சிவப்புப் பட்டை மட்டும் இல்லை.

அந்த வாரம் அம்மாச்சியைக் கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். லயத்துச் சுவரில் எம்.ஜி.ஆர். படத்தைச் சாமி படங்களுக்கு நடுவே மாட்டி வைத்திருந்தவர் அம்மாச்சி. வழியில் அப்பா வரைந்த சுவர் வந்தது. அம்மாச்சி இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர் முகம் மலர்ந்து, "அம்மச்சி நம்முடெ ஆளாணல்லே!" என்றார். "பின்னே!" என்றார் அம்மாச்சி. இருவருக்கும் மகிழ்ச்சி. இறங்கும்போது ஆட்டோக்காரர் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர், படத்தோடு வரும் எழுத்தை நங்கூரம் என்றார். படம் பல பொருளில் மிதக்கும். அடியில் இருக்கும் வாசகம் அதை ஓரிடத்தில் நிறுத்தும். அந்தச் சுவரிலும் நங்கூரம் இருந்தது, அப்பாவே கட்டம் போட்டு ஏற்றிய நங்கூரம். ஆனால் அம்மாச்சிக்கு அது வெறும் வளைவு, அப்பாவுக்கும் அப்படித்தான். எல்லைப்பகுதிச் சுவரில் படம் மிதந்துகொண்டே இருக்கும். எதிர்மாறாகவும் நடக்கும். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தைத் தூரத்தில் கண்டதும், மலையாளம் ஒரு எழுத்துகூடத் தெரியாத எங்கள் ஊர் லாரி ஓட்டுநர்கள் கள்ளுக்கடை என்று சொல்லிவிடுவார்கள். அங்கே எழுத்தே படமாகிவிட்டது.

பார்த் 1964இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு விளம்பரத்தை எடுத்துப் பிரித்துப் போடுகிறார். பன்சானி என்ற பாஸ்தா கம்பெனியின் விளம்பரம். சந்தையிலிருந்து வந்த வலைப்பை திறந்து கிடக்கிறது. உள்ளே பாஸ்தா பொட்டலம், டப்பா, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய். பெயரின் ஓசை, படத்தின் சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் சேர்ந்து இத்தாலித்தனம் என்ற ஒன்றைச் சொல்கின்றன என்கிறார். என்னை நிறுத்திய வரி அதற்கு அடுத்தது: அந்த இத்தாலித்தனம் பிரெஞ்சுக்காரர்களின் கண்ணுக்குத்தான் தெரியும். இத்தாலிக்காரர் ஒருவருக்கு அந்தப் பெயரில் அப்படி ஒன்றும் தோன்றப்போவதில்லை.

அதை வாசித்த விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் ஒரு டீத்தூள் பாக்கெட் இருந்தது. நாம் எல்லோரும் பார்த்த படம்தான். பச்சைச் சரிவு, பனி, சிவப்புச் சேலை, காதில் ஜிமிக்கி, முதுகில் கூடை, சிரிக்கும் பெண். விரல் நுனியில் ஒரு கொழுந்தை நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் கொடுத்து, இதில் என்னம்மா தெரியுது என்று கேட்டேன். அழகு, சுத்தம், மலைக்காற்று என்று நான் கல்லூரியில் கற்றவற்றை எதிர்பார்த்தேன்.

அம்மா பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ கையில கறை இல்ல" என்றார். பிறகு, "கொழுந்த இப்பிடி நுனியில புடிச்சா நிறுத்துக்கு என்னத்தச் சேக்குறது." பிறகு, "படங்கு கட்டல. செடி ஈரமா இருக்கு, இந்நேரம் இடுப்புக்குக் கீழ நனைஞ்சிருக்கும்." பிறகு, "மேல சட்டை போடல பாரு, கையெல்லாம் கீறிரும்." கடைசியாக, "செடியப் பாக்காம நம்மளப் பாக்குறா. கங்காணி சும்மா விட்டுருவாரா?"

தோட்டத்தில் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போடுவார்கள். இடுப்பில் படங்குத் துணியோ பிளாஸ்டிக் தாளோ கட்டுவார்கள். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும். கொழுந்தின் சாறு பட்டுப் பட்டுப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப்போகும், சோப்புக்கும் போகாது. அம்மா பாக்கெட்டில் தேடியது அந்தத் தடத்தை. அது இல்லாததால் படத்தில் இருப்பவள் வேலைக்காரி இல்லை என்பது அம்மாவின் முடிவு. அவளிடம் கோபம்கூட இல்லை. "பாவம், படம் புடிக்கக் கூட்டியாந்திருக்காங்க" என்றார்.

அன்றிலிருந்து தேயிலை மலையின் எந்தப் படத்தையும் என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடிந்ததில்லை. சுற்றுலாச் சுவரொட்டிகளில் 'பச்சைக் கம்பளம்' என்று போடுவார்களே, அந்தப் படத்தைச் சொல்கிறேன். மனிதர்களே இல்லாத, மழை கழுவிவிட்ட இயற்கை. தேயிலை இயற்கையில் கம்பளம் ஆகாது. விட்டால் மரமாகும். இடுப்பு உயரத்தில் சமமாக நிற்கிறது என்றால், சில வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டியதாலும், வாரம் தவறாமல் யாரோ நுனியைக் கிள்ளியதாலும்தான். 2000ஐ ஒட்டி விலை விழுந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்களைக் கைவிட்டுவிட்டார்கள். அம்மா வேலை பார்த்ததும் அப்படித்தான் நின்றது. மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. இரண்டு மூன்று வருஷம் கழித்து விறகு பொறுக்க அம்மாவோடு அந்த மலைக்குள் போனேன். தேயிலை எங்கள் தலைக்குமேல் வளர்ந்து நின்றது. உள்ளே இருட்டு. வெள்ளைப் பூ பூத்துக் காய்த்துக் கிடந்தது. அம்மா ஒரு கிளையை இழுத்து வளைத்துப் பார்த்து, "எங்க வரிசை இதுதான். எனக்கே அடையாளம் தெரியல" என்றார்.

வரலாற்றை இயற்கை போலக் காட்டிவிடுவதுதான் இன்றைய புராணத்தின் வேலை என்று பார்த் சொல்வார். நான் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் பார்த்து எழுதிக்கொண்டவள். அதன் அர்த்தத்தை அந்த இருட்டுக்குள் நின்றபோதுதான் உணர்ந்திருக்கிறேன் என்பது பிறகு புரிந்தது. சுவரொட்டியில் பெண்கள் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். இருக்கிறார்கள். அந்தச் சமமான பச்சைப் பரப்பே அவர்களின் கால்தடம். பார்க்கிறவருக்கு அது தடம் என்று தெரியாதபடி படம் எடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

2015 செப்டம்பரில் அதே மலை வேறு படமாக நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தது. மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நாள் கூலி 232 ரூபாய். 500 வேண்டும், போனஸ் இருபது சதவீதம் வேண்டும் என்று கேட்டார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. பின்னணியில் அதே பச்சை. முன்னால் உயர்த்திய கைகள். யாரும் கேமராவுக்குச் சிரிக்கவில்லை. அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி, ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். படத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தியின் கைமேல் விரலை வைத்து என்னிடம் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அச்சு மங்கலாக இருந்தாலும் விரல் நுனி கறுத்திருப்பது தெரிந்தது. பாக்கெட்டில் அவர் தேடியது அங்கே இருந்தது.

2021 ஏப்ரல் 6. மறுபடியும் கீழேயும் மேலேயும் ஒரே நாள். அப்பா சுவர் வேலையை விட்டு வருஷமாகிவிட்டது. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கூப்பிடவும் ஆள் இல்லை, கையும் நடுங்குகிறது. அம்மா வாக்குப் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். இடது கை ஆள்காட்டி விரலில் அழியா மை. 1962 தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வரும் மை, வெள்ளி நைட்ரேட் கலந்தது, தோலில் வெயில் பட்டுக் கறுக்கும். வேலையை விட்டு நாளாகிவிட்டதால் வலது கையின் பழைய கறை போய்விட்டது. இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா என் பிள்ளையின் சிலேட்டை எடுத்துச் சும்மா கிறுக்கிக்கொண்டிருந்தார். கை நடுங்கினாலும் வந்தது இலைதான். காம்பு, இரண்டு பக்கமும் விரிந்த இரண்டு இலை, நரம்பு. அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, மொட்டு எங்க?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "சின்னத்துல மொட்டு கிடையாதே."

"ரெண்டு எலைன்னா நடுவுல மொட்டு வேணாமா? அதுக்குத்தான் கூலியே குடுத்தாங்க."

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு இலைக்கும் நடுவே மல்லிகை அரும்பு மாதிரி குண்டாக ஒன்று வரைந்தார். அம்மா சிலேட்டை வாங்கி, மை வைத்த விரலாலேயே அதை அழித்தார். தேயிலையில் மொட்டு என்பது பூமொட்டு இல்லை, இன்னும் விரியாத இலை. ஊசி மாதிரி சுருண்டு, நுனியில் பூனைமுடி போல வெண்மையாக இருக்கும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அம்மா பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் சேர்த்துக் கிள்ளிக் காட்டினார். அப்பா அந்த விரல்களைப் பார்த்து மறுபடி வரைந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஒல்லியா" என்றார் அம்மா.